நதி போன வழியில் ஒரு நந்தவனம்

ஆறில்லாத ஊருக்குப் பெண் கொடுக்க மாட்டேன் என்று ஒற்றைக் காலில் நிற்கும் பாட்டிமார்கள் ஒரு காலத்தில் நம் குடும்பங்களில் இருந்தார்கள். வரன் பார்க்கக் கிளம்பினால், "ஊரிலே ஆறு உண்டா? கோடையிலே ஊற்றாவது சுரக்குமா?" என்று விசாரித்த பிறகுதான் பையனுடைய சம்பளத்தை விசாரிப்பார்கள். அப்படிப்பட்ட பாட்டி ஒருத்தியை ஸ்பெயின் தேசத்தின் கிழக்குக் கரையிலே உள்ள வலென்சியா நகரத்துக்கு அழைத்துப் போனால் என்ன சொல்லுவாள்?

அங்கே பாலங்கள் இருக்கின்றன. அறுநூறு வருஷத்துப் பழைய கல் பாலங்கூட இருக்கிறது. ஆனால் பாலத்தின் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக் கொண்டு குனிந்து பார்த்தால், தண்ணீர் மட்டும் இல்லை! ஆறு ஓட வேண்டிய இடத்தில் ஆரஞ்சு மரமும் பனை மரமும் புல்தரையுமாக இருக்கின்றன. பையன்கள் பந்தாடுகிறார்கள். தாத்தாக்கள் பெஞ்சியில் உட்கார்ந்து வம்பளக்கிறார்கள். இளம் தாய்மார்கள் குழந்தை வண்டியைத் தள்ளிக் கொண்டு போகிறார்கள். "இதென்னடி கூத்து? ஆற்றை எங்கே கொண்டுபோய் வைத்தார்கள்?" என்று பாட்டி கேட்காமல் இருப்பாளா?

நியாயமான கேள்விதான். அந்த ஊர்க்காரர்கள் வாஸ்தவமாகவே தங்கள் ஆற்றை எடுத்துக் கொண்டுபோய் வேறோர் இடத்தில் வைத்துவிட்டார்கள். ஏன் வைத்தார்கள், வைத்த பிறகு என்ன ஆயிற்று என்பதுதான் இந்த வாரத்துக் கதை. அதற்கு முன்னால் ஊரை ஒரு சுற்றுச் சுற்றி வந்துவிடலாம், வாருங்கள்.

நாரத்தை செய்த பிரயாணம்

ஸ்பெயினுக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் மாட்ரிட்டையும் பார்ஸலோனாவையும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். வலென்சியா அந்தத் தேசத்தின் மூன்றாவது பெரிய நகரம். எட்டு லட்சத்துச் சொச்சம் ஜனங்கள். கி.மு. 138-ல் ரோமாபுரிக்காரர்கள் ஸ்தாபித்த ஊர். பிறகு பல நூறு ஆண்டுகள் முஸ்லிம்களின் ஆட்சியில் இருந்து, 1238-ல் அரகான் நாட்டு மன்னன் முதலாம் ஜேம்ஸின் வசமாயிற்று. மாட்ரிட்டிலிருந்து வேக ரயிலில் ஏறினால் இரண்டு மணி நேரத்துக்குள் கொண்டுவந்து சேர்த்துவிடுகிறார்கள்.

வேக ரயில் வந்து நிற்கும் ஸ்டேஷனுக்கு, வலென்சியாவில் பிறந்த ஓவியர் ஹோவாக்கின் சொரோயாவின் பெயரை வைத்திருக்கிறார்கள். கடற்கரை வெயிலைத் துணியில் பிடித்து வைத்தவர் அவர். அரசியல்வாதியின் பெயரை விட்டுவிட்டு ஓவியரின் பெயரை வைத்தார்களே என்று சந்தோஷப்பட்டுக் கொண்டே கொஞ்ச தூரம் நடந்தால், பழைய ஸ்டேஷன் வருகிறது. 1917-ல் கட்டி முடித்தது. ஸ்டேஷனா அது! கல்யாண வீட்டு வாசல் மாதிரி இருக்கிறது. முகப்பு முழுக்க ஆரஞ்சுப் பழக் கொத்தும் ஆரஞ்சுப் பூவும் செதுக்கியிருக்கிறார்கள். உள்ளே, சுவரிலே வண்ணச் சில்லுகள் பதித்து, பல பாஷைகளில் 'பிரயாணம் சௌக்கியமாக இருக்கட்டும்' என்று எழுதியிருக்கிறார்கள்.

தமிழில் எழுதவில்லை. அதனால் என்ன? தமிழ் வேறு வழியாக அந்த ஊருக்குள் எப்போதோ போய்ச் சேர்ந்துவிட்டது. ஆரஞ்சுக்கு ஸ்பானிஷ் பாஷையில் 'நரன்ஹா' என்று பெயர். அது அரபியிலிருந்து வந்தது. அரபிக்குப் பாரசீகத்திலிருந்தும், பாரசீகத்துக்கு சம்ஸ்கிருதத்திலிருந்தும் வந்தது. சம்ஸ்கிருதத்துக்கு நம் திராவிட மொழிகளிலிருந்து போயிருக்க வேண்டும் என்பது சொல்லாராய்ச்சிக்காரர்களின் அபிப்பிராயம். ஊறுகாய் ஜாடியிலே உப்பில் ஊறிக் கொண்டிருக்கிறதே நாரத்தை, அதன் உறவுக்காரிதான் இந்த நரன்ஹா!

வீதி ஓரமெல்லாம் ஆரஞ்சு மரம் நட்டிருக்கிறார்கள். கைக்கெட்டுகிறதே என்று பறித்துக் கடித்துவிடாதீர்கள். அழகுக்கு வைத்த கசப்பு ஜாதி அது. தின்னும் பழத்துக்குச் சந்தைக்குப் போக வேண்டும்.

பொய் சொல்லாத வியாபாரி

சந்தை என்றால் சாதாரணச் சந்தை அல்ல. 1928-ல் திறந்த மத்திய மார்க்கெட். இரும்புத் தூண்களும், வர்ணக் கண்ணாடியும், நடுவிலே பெரிய கோபுரக் கூண்டுமாக, தூரத்திலிருந்து பார்ப்பவர்கள் கோயில் என்றே நினைப்பார்கள். கூரையின் உச்சியில் காற்றுத் திசை காட்டுவதற்கு ஒரு கிளியை உட்கார்த்தி வைத்திருக்கிறார்கள். சந்தைக்குக் கிளி பொருத்தமான சின்னந்தான். உள்ளே ஓயாத பேச்சு!

குங்குமப் பூ, உலர்ந்த மிளகாய், பாதாம், தக்காளியிலே பத்து தினுசு, அத்தனையும் கண்ணைப் பறிக்கின்றன. காய்கறி விற்கும் அம்மாள் வாடிக்கைக்காரிகளை எல்லாம் 'ரெய்னா' என்று கூப்பிடுகிறாள். 'ராணி' என்று அர்த்தம். என்னையும் ராணி என்றாள். பட்டம் கிடைத்த மயக்கத்தில் தேவைக்கு மேலே அரைக் கிலோ வாங்கிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை மார்க்கெட் கிடையாது. மற்ற நாட்களிலும் மத்தியானம் மூன்று மணிக்குள் கடையைக் கட்டிவிடுகிறார்கள். ஆகையால் காலையிலேயே போய்விட வேண்டும்.

மார்க்கெட்டுக்கு எதிரே வீதியைக் கடந்தால், பட்டு மாளிகை. 'லோன்ஹா' என்று சொல்லுகிறார்கள். 1482-ல் கட்ட ஆரம்பித்தது. பட்டு வியாபாரிகள் கூடிப் பேரம் பேசுவதற்காகவே கட்டிய மண்டபம். 1996-ல் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியச் சின்னமாக அங்கீகரித்தது. உள்ளே தூண்கள் ஐம்பது அடிக்கு மேல் உயரம். நேராக நிற்கவில்லை, ஈரப் புடவையை முறுக்கிப் பிழிந்தால் எப்படி இருக்குமோ, அப்படிக் கல்லை முறுக்கி நிறுத்தியிருக்கிறார்கள்! மேலே போய் அவை பனங்குருத்து மாதிரி விரிந்து கூரையைத் தாங்குகின்றன.

சுவரைச் சுற்றி லத்தீன் பாஷையிலே எழுதியிருக்கிறது. பொய் பேசாமல், சொன்ன சொல் தவறாமல், அநியாய வட்டி வாங்காமல் வியாபாரம் செய்கிறவன் இம்மையில் செல்வமும் மறுமையில் நித்திய வாழ்வும் பெறுவான் என்பது அதன் சாரம். புத்திமதி சொன்னதோடு விட்டுவிடவில்லை. அதே கட்டிடத்தின் கோபுரத்தில், கடனைத் திருப்பித் தராத வியாபாரிகளை அடைத்து வைக்க அறை இருந்தது என்கிறார்கள். மேலே உபதேசம், பக்கத்திலே சிறை. வியாபாரம் செழித்ததில் ஆச்சரியம் என்ன?

அந்தப் பட்டு இன்றும் முழுதாகப் போய்விடவில்லை. மார்ச்சு மாதம் 15 முதல் 19 வரை 'ஃபாயாஸ்' என்று ஒரு திருவிழா. மரத்தாலும் காகித அட்டையாலும் மாடி வீட்டு உயரத்துக்குப் பொம்மைகள் செய்து வீதிகளில் நிறுத்துவார்கள். மந்திரி முதல் பக்கத்து வீட்டுக்காரர் வரையில் பரிகாசத்துக்குத் தப்புகிறவர் இல்லை. 19-ஆம் தேதி இரவு எல்லாவற்றையும் கொளுத்திவிடுவார்கள்! ஜனங்கள் ஓட்டுப் போட்டுக் காப்பாற்றும் சில பொம்மைகள் மட்டும் காட்சிசாலைக்குப் போகும். வருஷம் முழுவதும் செய்ததை ஒரு ராத்திரியில் எரித்துவிட்டு, மறு நாளே அடுத்த வருஷத்துக்கு ஆரம்பித்துவிடுகிறார்கள்.

அந்த விழாவிலே, 17, 18 தேதிகளில் பெண்கள் ஆயிரக்கணக்கில் ஊர்வலமாகப் போய் மாதாவுக்குப் பூ சமர்ப்பிக்கிறார்கள். காதோரம் இரண்டு கொண்டை, பின்னால் ஒரு கொண்டை, அவற்றிலே தங்க நிறச் சீப்பு, உடம்பிலே பூ வேலை செய்த பட்டு. கைத்தறியில் நெய்த அசல் பட்டாக இருந்தால், நாள் முழுவதும் உட்கார்ந்து நெய்தாலும் ஒரு முழம் தேறாதாம். விலையைக் கேட்டேன். அதை இங்கே எழுதினால் உங்கள் வீட்டுக்காரர்கள் இந்தப் பத்திரிகையை ஒளித்து வைத்துவிடுவார்கள், வேண்டாம்.

வாசற்படியில் ஒரு கோர்ட்டு

வலென்சியாவுக்குப் போகிறவர்கள் எப்படியாவது ஒரு வியாழக்கிழமையைச் சேர்த்துக் கொண்டு போக வேண்டும். அன்று பன்னிரண்டு மணிக்குப் பெரிய மாதா கோயிலின் 'அப்போஸ்தலர் வாசல்' முன்னே கோர்ட்டு கூடுகிறது. தண்ணீர்க் கோர்ட்டு!

துரியா என்பது அந்த ஊர் ஆற்றின் பெயர். ஊரைச் சுற்றியுள்ள தோட்டக்கால்களுக்கு அதிலிருந்து வாய்க்கால்கள் பிரிகின்றன. வாய்க்கால் வெட்டும் வித்தையை வளர்த்துக் கொடுத்தவர்கள் முஸ்லிம் ஆட்சிக் காலத்து உழவர்கள். வாய்க்காலுக்கு அங்கே 'அசேக்கியா' என்று பெயர். அதுவும் அரபுச் சொல்தான். எட்டு வாய்க்காலுக்கு எட்டு நியாயஸ்தர்கள். சட்டம் படித்தவர்கள் அல்ல. நிலத்தை உழுகிற குடியானவர்கள். அந்தந்த வாய்க்காலின் பாசனக்காரர்கள் தேர்ந்தெடுத்து அனுப்பியவர்கள். கறுப்பு அங்கியைப் போட்டுக் கொண்டு, தெருவிலேயே அரை வட்டமாக நாற்காலி போட்டு உட்காருகிறார்கள். சேவகன் ஒவ்வொரு வாய்க்காலின் பெயராகச் சொல்லி, பிராது உண்டா என்று கூப்பிடுகிறான்.

முறை தப்பித் தண்ணீர் பாய்ச்சியவன், மடையைத் திறந்து விட்டு மறந்தவன், வாய்க்காலைத் தூர் வாராதவன் எல்லாரும் அங்கே நின்று பதில் சொல்ல வேண்டும். வக்கீல் கிடையாது. காகிதம் கிடையாது. எல்லாம் வாய்ப் பேச்சு. தீர்ப்பு அங்கேயே, அப்பீலும் கிடையாது. ஆயிரம் வருஷமாக இப்படி நடக்கிறது என்பது ஊர் வழக்கு. 2009-ல் யுனெஸ்கோ இதையும் மனித குலத்தின் பாரம்பரியச் செல்வங்களில் சேர்த்தது.

நான் பார்த்த அன்று பிராது ஒன்றும் இல்லை. எட்டு பெயரையும் கூப்பிட்டு முடிக்க ஐந்து நிமிஷம் ஆகியிருக்கும், எழுந்து போய்விட்டார்கள். கூட்டத்தில் சிலருக்கு ஏமாற்றம். எனக்கென்னவோ, வழக்கே இல்லாமல் முடிகிற கோர்ட்டைவிட நல்ல கோர்ட்டு எது என்று தோன்றிற்று. ஒரு குறை மாத்திரம் உண்டு. அந்த நாற்காலியில் ஒரு பெண் உட்கார 2011 வரையில் காத்திருக்க வேண்டியிருந்தது. நாற்று நட்டவர்களிலும் களை பறித்தவர்களிலும் பெண்கள் அதற்கு முன்பு இல்லையா என்ன?

கோயிலின் மணிக் கூண்டுக்கு மிகலெட் என்று பெயர். 207 படிகள். முழங்கால் சம்மதித்தால் ஏறுங்கள். மேலேயிருந்து ஒரு பக்கம் கடலும், ஒரு பக்கம் தோட்டக்காலும், ஊரை அணைத்துக் கொண்டு வளைந்து போகும் பச்சைப் பட்டையும் தெரியும். அந்தப் பட்டைதான் நமது கதாநாயகன். கொஞ்சம் பொறுங்கள், இறங்கிச் சாப்பிட்டுவிட்டு அங்கே போகலாம்.

காந்தலுக்குப் போட்டி

பயேயா என்ற அரிசிச் சாப்பாட்டின் பிறப்பிடம் வலென்சியாவின் கிராமப்புறம். தெற்கே பத்துக் கிலோமீட்டர் தூரத்தில் அல்புஃபேரா என்று ஒரு பெரிய ஏரி; அதைச் சுற்றி நெல் வயல்கள். பயேயா என்பது வாணலியின் பெயர். தட்டையாக, அகலமாக, இரண்டு காதுகளோடு இருக்கும். ஆரஞ்சு விறகை எரித்து அதன்மேல் வைத்து, எண்ணெயில் தாளித்து, அகலமான பச்சை அவரை, பெரிய வெள்ளை மொச்சை, தக்காளி, குங்குமப் பூ எல்லாம் சேர்த்துத் தண்ணீர் விட்டு, அரிசியைப் பரப்புவார்கள். பரப்பின பிறகு கிளறக் கூடாது. கிளறினால் மாமியாருக்குக் கோபம் வரும். அங்கேயும் மாமியார் உண்டு.

ஊர்க்காரர்கள் முயலும் கோழியும் போடுகிறார்கள். சைவர்கள் காய்கறிப் பயேயா என்று கேட்க வேண்டும். கேட்பதோடு நிற்காமல், உலை நீரில் மாமிசச் சாறு சேர்த்திருக்கிறதா என்பதையும் விசாரித்துக் கொள்ளுங்கள். மத்தியானச் சாப்பாடுதான் இது. இரவில் பயேயா கேட்டால் வலென்சியாக்காரர்கள் உங்களை அனுதாபத்தோடு பார்ப்பார்கள்.

எல்லாவற்றிலும் விசேஷம் அடியிலே இருக்கிறது. வாணலியோடு ஒட்டிக் கொண்டு பொன் நிறமாக முறுகியிருக்கும் பற்றுக்கு 'சொக்கர்ராத்' என்று பெயர். நாம் காந்தல் என்கிறோமே, அதுதான்! நம் வீட்டில் காந்தல் வந்தால் சமைத்தவளுக்கு வசவு. அங்கே வராவிட்டால்தான் வசவு! கரண்டியால் சுரண்டிச் சுரண்டிப் பெரியவர்களும் குழந்தைகளும் போட்டி போடுகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை பயேயா வைப்பது பல வீடுகளில் ஆண்களின் பொறுப்பு. இந்த வாக்கியத்தை மட்டும் உரக்க வாசித்துக் காட்டுங்கள்.

வெயிலுக்கு ஓர்ச்சாத்தா. கோரைக் கிழங்கு இனத்தைச் சேர்ந்த ஒரு சின்னக் கிழங்கை ஊற வைத்து அரைத்துப் பிழிந்து, சர்க்கரை சேர்த்துக் குளிர வைத்த பால். மாட்டுப் பால் கலப்பதில்லை. நீளமான இனிப்பு ரொட்டியை அதில் தோய்த்துச் சாப்பிட வேண்டும். ஒரு டம்ளரோடு எழுந்திருப்பவர்களை நான் பார்க்கவில்லை.

ஆற்றை நகர்த்தின கதை

இப்போது ஆற்றுக்கு வருவோம்.

1957-ஆம் வருஷம் அக்டோபர் 14-ஆம் தேதி. துரியா நதி பெருக்கெடுத்து ஊருக்குள் புகுந்தது. விடியுமுன் ஒரு தரம். அது போதாதென்று, மத்தியானம் அதைவிடப் பெரிதாக மறு தரம். சர்க்கார் கணக்குப்படி மாண்டவர்கள் 81 பேர். தண்ணீர் வடிந்த பிறகு வீதி வீதியாகச் சேறு. பழைய வீதிகளில் சில சுவர்களிலே, வெள்ளம் எதுவரை ஏறிற்று என்று குறித்து வைத்திருக்கிறார்கள். பக்கத்தில் நின்று பாருங்கள். நம் தலைக்கு மேலே இருக்கும்.

அப்போது ஸ்பெயினில் பிராங்கோவின் சர்வாதிகாரம். உதவி வரவில்லையே என்று வாய் திறந்து கேட்ட நகர மேயரின் பதவி 1958-ல் போயிற்று. எழுதிக் கேட்ட உள்ளூர்ப் பத்திரிகை ஆசிரியர் ஒருவரின் பதவியும் போயிற்று. ஆனால் கேள்வி வீண் போகவில்லை. ஆற்றையே ஊருக்குத் தெற்கே திருப்பிவிடுவது என்று பெரிய திட்டம் போட்டார்கள். புதிய கால்வாயின் நீளம் சுமார் 12 கிலோமீட்டர். அகலம் அறுநூறு அடி. வேலை முடிய 1973 வரையில் ஆயிற்று. செலவுக்காக வலென்சியாக்காரர்கள் தங்கள் கடிதங்களில் சாதாரணத் தபால் தலையோடு இன்னொரு தனித் தலையும் ஒட்ட வேண்டியிருந்தது. கல்யாணப் பத்திரிகை அனுப்பினாலும், காதல் கடிதம் அனுப்பினாலும், கால்வாய்க்கு ஒரு சல்லி! தெற்கே எத்தனையோ குடியானவர்களின் விளைநிலம் கால்வாய்க்குள் போயிற்று. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

சரி, ஆறு போய்விட்டது. பழைய ஆற்றுப் படுகை ஊர் நடுவிலே வெறுமையாகக் கிடந்தது. அதை என்ன செய்வது? அதிகாரிகள் யோசித்தார்கள். மாட்ரிட்டிலிருந்து துறைமுகத்துக்கு லாரியும் காரும் பறந்து போக அகலமான ராஜபாட்டை போட்டுவிடலாம் என்றார்கள். காகிதத்தில் பார்த்தால் எவ்வளவு சௌகரியம்! நிலம் தயார், வழி தயார்.

ஊர் ஜனங்கள் ஒப்பவில்லை. 'படுகை எங்களுடையது, அது பச்சையாக இருக்க வேண்டும்' என்று கிளம்பிவிட்டார்கள். மாணவர்களும், குடித்தனக்காரர்களும், பேட்டைச் சங்கங்களும் கூடி இயக்கம் நடத்தினார்கள். கூட்டம் போடுவதே குற்றமாக இருந்த காலம் என்பதை நினைவில் வைத்துக் கொள்ளுங்கள். பிராங்கோ 1975-ல் இறந்தார். 1976-ல் மன்னர் ஹுவான் கார்லோஸ் படுகையை நகரத்துக்கே கொடுத்தார். ராஜபாட்டை காகிதத்தோடு நின்றது. 1986-ல் தோட்டம் திறக்கப்பட்டது.

இன்று அந்தத் தோட்டம் ஒன்பது கிலோமீட்டர் நீளம். ஊரின் மேற்கிலிருந்து கிட்டத்தட்டக் கடல் வரையில், ஒரு கார் கூட குறுக்கிடாமல் நடந்து போகலாம். வண்டியெல்லாம் தலைக்கு மேலே பாலத்தில் போகிறது. ஓரிடத்தில் கலிவர் மல்லாந்து கிடக்கிறான். லில்லிபுட்டில் கட்டுண்டு கிடந்த அதே கலிவர்தான். 1990-ல் குழந்தைகளுக்காகச் செய்து வைத்தது. அவன் சட்டை மடிப்பு சறுக்கு மரம், தலைமயிர் படிக்கட்டு. குழந்தைகள் மொய்க்கிறார்கள். லில்லிபுட் என்றால் இதுதான் லில்லிபுட்! கடல் பக்கத்துக் கோடியில், உள்ளூர்க்காரரான கலத்ராவா என்ற சிற்பி அமைத்த வெள்ளை வெளேரென்ற விஞ்ஞானக் கலை நகரம், 1998 முதல் ஒவ்வொன்றாகத் திறந்தது. அதன் படத்தைத்தான் சுற்றுலாச் சுவரொட்டிகளில் போடுகிறார்கள். எனக்கு, அதைக் காட்டிலும், சாயங்காலம் ஐந்து மணிக்குப் பள்ளிக்கூடம் விட்ட குழந்தைகள் பழைய பாலத்தின் நிழலிலே உட்கார்ந்து ரொட்டி தின்ற காட்சிதான் மனசில் நிற்கிறது. அந்த இடத்தில் இப்போது லாரி போய்க் கொண்டிருக்க வேண்டியது.

துடைப்பம் தூக்கியவர்கள்

சுற்றுலா வந்தவர்கள் இத்துடன் திரும்பிவிடுகிறார்கள். நீங்கள் திரும்பாதீர்கள். தோட்டத்தைப் பார்த்தவர்கள், ஆறு குடியேறிய இடத்தையும் பார்க்க வேண்டும்.

ஊரின் தெற்கு ஓரத்தில் சான் மார்ஸலீனோ என்று ஒரு பேட்டை. அங்கிருந்து புதிய கால்வாயின் மேலே நடைபாலம் ஒன்று போகிறது. கீழே பார்த்தால் அகலமான கரையும் தரையும். நான் பார்த்தபோது தண்ணீர் நூலாக ஓடிற்று. இதற்கா இத்தனை செலவு என்று தோன்றும். 2024 அக்டோபர் 29-ஆம் தேதி அதற்கு விடை கிடைத்தது.

கோடை முழுதும் சூடேறிய மத்தியதரைக் கடலிலிருந்து ஈரக் காற்று எழுந்து, உயரே தனியாகப் பிரிந்து வந்து நின்ற குளிர்ந்த காற்றோடு சேர்ந்தால், அந்தக் கரையிலே இலையுதிர் காலத்தில் பேய் மழை கொட்டும். அன்று துரீஸ் என்ற ஊரில் ஒரே நாளில் 770 மில்லிமீட்டருக்கு மேல் கொட்டித் தீர்த்தது. துரியாவின் வெள்ளத்தைப் புதிய கால்வாய் வாங்கிக் கொண்டது. பழைய படுகைத் தோட்டத்துக்கும் நகரத்தின் நடுப் பகுதிக்கும் ஒன்றும் ஆகவில்லை.

ஆனால் கால்வாய்க்குத் தெற்கே போயோ என்ற ஓடை இருக்கிறது. ஆண்டில் பல நாள் வறண்டு கிடப்பது. மேலே மலையில் பெய்த மழை அதன் வழியாக இறங்கிற்று. பைபோர்த்தா, கத்தரோஹா போன்ற சிறு நகரங்களும், நடைபாலத்தின் அக்கரையில் உள்ள லா தோரே பேட்டையும் மூழ்கின. பைபோர்த்தாவில் அப்போது பெரிய மழைகூட இல்லை. வீதியிலே நின்றவர்களை நோக்கித் தண்ணீர் வந்தது. கைபேசிகளில் சர்க்காரின் எச்சரிக்கை ஒலித்தது இரவு 8 மணி 11 நிமிஷத்துக்கு. பல வீடுகளில் அதற்குள் தண்ணீர் வந்துவிட்டது. காரைக் காப்பாற்றலாமென்று நிலவறைக்கு இறங்கியவர்களில் பலர் ஏறி வரவில்லை. தரைத் தளத்து வீடுகளில் தனியாக இருந்த வயோதிகர்கள் பலர் போனார்கள். வலென்சியா வட்டாரத்தில் மட்டும் மாண்டவர்கள் இருநூற்று இருபதுக்கும் மேலே. எச்சரிக்கை ஏன் தாமதமாயிற்று என்று ஜனங்கள் மாதா மாதம் வீதியில் இறங்கிக் கேட்டார்கள். 2025 நவம்பரில் மாகாண அரசின் தலைவர் பதவி விலகுவதாக அறிவித்தார்.

அந்த வெள்ளத்துக்கு மூன்றாம் நாள், நவம்பர் 1, விடுமுறை தினம். அன்று காலையில், பிழைத்த நகரத்திலிருந்து ஜனங்கள் கிளம்பினார்கள். யாரும் உத்தரவு போடவில்லை. துடைப்பம், மண்வெட்டி, வாளி, குடிதண்ணீர்ப் புட்டி இவற்றைத் தூக்கிக் கொண்டு, பெரும்பாலும் இளம் பெண்களும் பையன்களுமாக, ஆயிரம் ஆயிரமாய் இந்த நடைபாலத்தின் மேலே வரிசை போட்டு நடந்தார்கள். முன்பின் தெரியாத வீட்டுக்குள் நுழைந்து முழங்கால் சேற்றை வாரிக் கொட்டினார்கள். மறு நாளும் போனார்கள்; அதற்கு மறு வாரமும் போனார்கள். பாலத்துக்கு ஜனங்கள் 'ஒருமைப்பாட்டுப் பாலம்' என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

லா தோரேயில் ஒரு சின்னக் காப்பிக் கடையில் உட்கார்ந்தேன். புதிதாகச் சுண்ணாம்பு அடித்த சுவரில் ஒரு சாண் அகலத்துக்கு மட்டும் அடிக்காமல் விட்டிருந்தது. அதிலே மார்பு உயரத்தில் பழுப்பாக ஒரு கோடு. கடைக்கார அம்மாளிடம் கோட்டைக் காட்டினேன். துணியால் மேஜையைத் துடைத்துக் கொண்டே, "என் மகள் அதையும் அடித்துவிடலாம் என்றாள். நான்தான் வேண்டாம் என்றேன். மறந்து போகும்" என்றாள்.

எனக்கு அவள் சொன்னது நியாயமாகப் பட்டது. 1957-ன் கோடு பழைய நகரத்துச் சுவரில் இருந்தது. அதைப் பார்த்தவர்கள் கால்வாய் வெட்டினார்கள். கால்வாய் நகரத்தைக் காத்தது. ஆனால் ஓடையோரத்தில், தண்ணீர் வரக்கூடிய தாழ்ந்த நிலத்தில், பின்னால் எத்தனையோ வீடுகள் எழும்பின. அங்கே கோடு போட்ட சுவர் இருக்கவில்லை. இப்போது இருக்கிறது. ஆற்றை நகர்த்த மனிதனால் முடியும். தண்ணீருக்கு வழி விட வேண்டிய பொறுப்பை நகர்த்த முடியாது.

போகிறவர்களுக்கு

வலென்சியாவுக்குப் போகிறவர்கள் ஆகஸ்டு வெயிலைத் தவிர்த்து, வசந்த காலத்தில் போங்கள். ஃபாயாஸ் பார்க்க ஆசைப்பட்டால் பல மாதம் முன்பே விடுதிக்கு ஏற்பாடு செய்ய வேண்டும். வெடிச் சத்தம் ஒத்துக்கொள்ளாதவர்கள் அந்த வாரத்தைத் தவிர்த்துவிடலாம். மத்தியானச் சாப்பாடு இரண்டு மணிக்கு, இரவுச் சாப்பாடு ஒன்பது மணிக்கு என்பதை வயிற்றுக்கு முன்கூட்டியே சொல்லி வையுங்கள். வியாழக்கிழமை பன்னிரண்டு மணிக்குக் கோயில் வாசலுக்கு வந்துவிடுங்கள். காலுக்கு நல்ல செருப்பாகப் போட்டுக் கொள்ளுங்கள்; தோட்டம் ஒன்பது கிலோமீட்டர்.

அதோடு, ஒரு காலைப் பொழுதை ஒதுக்கித் தெற்கேயுள்ள நடைபாலத்தைக் கடந்து அந்தப் பக்கம் போங்கள். பார்ப்பதற்கு அங்கே மாளிகை இல்லை. படம் பிடிப்பதற்கும் ஒன்றும் இல்லை. ஒரு காப்பி சாப்பிடுங்கள். கடையிலே ஏதாவது வாங்குங்கள். சேற்றை வாரிக் கொட்டிவிட்டு மறுபடியும் கதவைத் திறந்து வைத்திருக்கிறவர்களுக்கு, உள்ளே ஒருவர் வந்து உட்காருவதே பெரிய உபசாரம்.